பந்தய வீரர் படியேறும் வரலாறு

ஒரு தொழிலைக் கற்கப் புகும் இளைஞன் எந்த வயதில் தொடங்கலாம், எத்தனை படிகளைக் கடக்க வேண்டும், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு அவனை ஏற்றிவிடும் அதிகாரம் யாருக்கு உண்டு என்னும் மூன்று வினாக்கள் எத்தொழிலுக்கும் பொதுவானவை. ஆண்டுதோறும் வகுப்பேற்றம் பற்றி முடிவு செய்யும் ஆசிரியர்க்கு இவை புதியன அல்ல. நாதசுர வித்துவானிடம் சேர்ந்த சிறுவனுக்கும், தச்சனிடம் உளி பிடிக்கக் கற்றவனுக்கும் இவ்வினாக்களுக்கு மரபு விடை சொல்லிற்று. ஆனால் மரபே இல்லாத புதுத் தொழில் ஒன்று தோன்றினால் அது தன் படிகளை எவ்வாறு அமைத்துக்கொள்ளும்? அதனை அறிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டு.

இஃது ஆசிரியர் ஆராயத்தக்க பொருளா எனச் சிலர் வினவக்கூடும். நம் பள்ளியை விட்டு வெளியேறும் இளைஞர் பலர் முதன்முதலில் வாங்க விரும்பும் பொருள் மோட்டார் சைக்கிள். அவ்வண்டியின் மேல் அவர்கள் கொண்ட வேட்கை எங்கே போய் முடியும் என்பது நம் கவலைகளுள் ஒன்று. ஆதலின் அவ்வேட்கைக்கு உலகம் அமைத்துள்ள ஏணியை அறிந்து வைத்திருப்பது நம் கடமைக்குப் புறம்பானது அன்று.

பள்ளியில்லாக் காலம்

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மேன் தீவில் 1907-ஆம் ஆண்டு டிடி என்னும் புகழ்பெற்ற பந்தயம் தொடங்கிற்று. 1949-ஆம் ஆண்டில் அனைத்துலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம் உலக வாகைப் போட்டியை நிறுவியபோது, அதன் முதற்பந்தயமும் அத்தீவிலேயே நடந்தது. அங்குள்ள மலைத்தடம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ளது. பொதுமக்கள் நடமாடும் சாலையே பந்தயத் தடம். கல்சுவரும் வீட்டுத் திண்ணையும் அதன் ஓரங்கள். ஆபத்து மிகுதி என்பதால் 1976-க்குப் பின் அப்பந்தயம் உலக வாகைப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது.

அக்காலத்தில் பந்தய வீரனை உருவாக்குவதற்கென்று பள்ளி ஏதும் இல்லை. மூன்று வாயில்கள் மட்டுமே இருந்தன.

முதல் வாயில் தொழிற்சாலை. ஆங்கிலேயரான ஜெஃப் டியூக் பிரிட்டிஷ் படையின் செய்தித் தொடர்புப் பிரிவில் சேர்ந்து, மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு செல்வோர்க்குப் பயிற்சியளித்தவர். படையை விட்டு வந்தபின் நார்ட்டன் நிறுவனத்தின் வீரரானார். 1951-இல் 350 சிசி, 500 சிசி ஆகிய இரு வகுப்புகளிலும் உலக வாகை சூடினார். படையே அவருக்குப் பள்ளியாகவும், தொழிற்சாலையே அவருக்குப் புரவலராகவும் அமைந்தன.

இரண்டாம் வாயில் செல்வம். மைக் ஹெயில்வுட்டின் தந்தை மோட்டார் சைக்கிள் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். மகன் 1957-இல் பதினேழாம் வயதில் பந்தயத்தில் இறங்கியபோது நல்ல வண்டிகளுக்கும் நல்ல மெக்கானிக்குகளுக்கும் குறைவு இருக்கவில்லை. ஆயினும் பணம் வாயிலைத் திறக்குமே அன்றி வெற்றியைத் தராது. 1961-இல் மேன் தீவில் ஒரே வாரத்தில் மூன்று பந்தயங்களை வென்றது ஹெயில்வுட்டின் சொந்தத் திறமை.

மூன்றாம் வாயில் வறுமையோடு போராடும் துணிவு. ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து முதலிய தொலைநாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய இளைஞர், பழைய வேன் ஒன்றில் இரண்டு வண்டிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். பந்தயம் நடத்துவோர் கொடுக்கும் தொடக்கப் பணமே அவர்களுக்குச் சோறு. ஓட்டுநரும் அவரே, மெக்கானிக்கும் அவரே, சமையற்காரரும் அவரே. ஐரோப்பியச் சர்க்கஸ் என்று இந்த நாடோடி வாழ்வுக்குப் பெயர் வழங்கிற்று.

அறைகளா, படிகளா?

1949-இல் தொடங்கிய உலகப் போட்டியில் பக்கவண்டி வகுப்பு நீங்கலாக 125, 250, 350, 500 சிசி என நான்கு வகுப்புகள் இருந்தன. 1962-இல் 50 சிசி வகுப்பும் சேர்ந்தது. இவற்றை இன்று நோக்குவோர் முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்பனபோல் ஏறிச்செல்லும் படிகள் எனக் கருதுவர். அஃது உண்மையன்று. அவை ஒரே வீட்டின் வெவ்வேறு அறைகளாகவே இருந்தன. ஒரே வீரர் ஒரே நாளில் இரண்டு அறைகளிலும் நுழைவதுண்டு. இத்தாலியரான ஜியாக்கோமோ அகோஸ்தினி 1968 முதல் 1972 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து 350, 500 ஆகிய இரண்டிலும் வாகை சூடினார். அவர் பெற்ற உலகப் பட்டங்கள் மொத்தம் 15.

மற்றொருபுறம், சிறிய அறையிலேயே வாழ்நாளைக் கழித்துப் பெரும்புகழ் எய்தியவரும் உண்டு. ஸ்பெயின் நாட்டு ஆங்கல் நியேத்தோ எளிய குடும்பத்தில் பிறந்தவர். மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை கற்று வந்தவர். 1969-இல் டெர்பி வண்டியில் 50 சிசி வாகையைப் பெற்றார். பின்னர் 50, 125 ஆகிய இரு சிறு வகுப்புகளிலுமாக 13 பட்டங்கள் வென்றார். பதின்மூன்று என்னும் எண்ணை அஞ்சி, ‘பன்னிரண்டும் ஒன்றும்’ என்றே அவர் சொல்லிவந்தார். பெரிய வண்டிக்கு ஏறாதவர் சிறிய வீரர் என்னும் எண்ணம் அன்று இல்லை.

ஆனால் சிறு வண்டி ஒரு நல்லாசிரியன் என்பது மெல்ல மெல்லப் புலனாயிற்று. சிறு எஞ்சினுக்கு வலு குறைவு. வளைவில் தேவைக்கு மேல் பிரேக் பிடித்து வேகத்தை இழந்தவன், அதனை நேர்ச்சாலையில் மீட்க முடியாது. ஆகவே எங்கே பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் வளைவது, முன்செல்பவனின் முதுகுக்குப் பின்னே காற்றின் எதிர்ப்பு குறைந்த இடத்தில் எவ்வாறு ஒட்டிச் செல்வது என்பனவற்றைச் சிறு வண்டி கற்பிக்கும். பெரிய வண்டியின் பாடம் வேறு. அங்கே வலு மிகுதி. பிடியைச் சற்று மிகையாகத் திருகினாலும் பின்சக்கரம் வழுக்கும், டயர் தேய்ந்துவிடும். ஆற்றலை ஈட்டுவது சிறு வண்டியின் பாடம். ஆற்றலை அடக்குவது பெரு வண்டியின் பாடம்.

மண் தந்த மாணவர்

இந்த இரண்டாம் பாடத்தை ஐரோப்பாவுக்குக் கற்பித்தவர் அமெரிக்கர். அங்கே மண் தரையில் நீள்வட்டமாக ஓடும் பந்தயம் நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. அவ்வண்டிகளுக்கு முன்பிரேக் கிடையாது. வளைவில் வண்டியைக் குறுக்காகச் சரித்து, பின்சக்கரத்தை வழுக்கவிட்டே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். அமெரிக்கச் சங்கம் தொடக்க நிலை, இளநிலை, தேர்ச்சி நிலை என உரிமங்களை வகுத்து, புள்ளி பெற்றவரையே மேலேற்றியது. ஒழுங்கான வகுப்பேற்ற முறை இங்குத்தான் தெளிவாகக் காணப்படுகின்றது.

அம்முறையில் வந்த கென்னி ராபர்ட்ஸ் 1978-இல் 500 சிசி வாகையைப் பெற்ற முதல் அமெரிக்கரானார். வலு மிகுந்த அவ்வண்டிகள் வழுக்கும்போது ஐரோப்பியர் அஞ்சினர். அவருக்கோ அது சிறுவயது விளையாட்டு. 1978 முதல் 1993 வரையுள்ள பதினாறு ஆண்டுகளில் பதின்மூன்று 500 சிசி பட்டங்கள் ராபர்ட்ஸ், ஸ்பென்சர், லாசன், ரெய்னி, ஷ்வான்ட்ஸ் என்னும் ஐந்து அமெரிக்கரிடமே சென்றன. எங்குக் கற்றாலும் அடிப்படைப் பாடம் சரியாக அமைந்தால் மேல்வகுப்பில் அது பயன் தரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஏணி அமைந்த கதை

அமெரிக்கரின் வெற்றியைக் கண்ட ஐரோப்பா வாளாவிருக்கவில்லை. குறிப்பாக ஸ்பெயின் நாடு திட்டமிட்டுச் செயற்பட்டது. 500 சிசி பந்தயம் ஒன்றை 1995-இல் வென்ற ஆல்பர்ட்டோ புய்க், காயத்தால் ஓய்வு பெற்றபின் இளைஞரைத் தேடும் பணியை மேற்கொண்டார். 1999-இல் மூவிஸ்டார் நிறுவனத்தின் ஆதரவில் சிறுவர்க்கென ஒரு கோப்பைப் போட்டி நடந்தது. அதில் டானி பெட்ரோசா என்னும் சிற்றுருவச் சிறுவன் முதலிடம் பெறவில்லை. எனினும் அவனிடம் வித்து இருப்பதைப் புய்க் கண்டார். அவன் 2003-இல் 125 சிசி, 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் 250 சிசி என மூன்று உலகப் பட்டங்கள் பெற்றான். மதிப்பெண் பட்டியலின் மேல்வரியை மட்டும் பார்த்து மாணாக்கனை எடைபோடுவது போதாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும். அதே பெட்ரோசா உச்ச வகுப்பில் 31 பந்தயங்களை வென்றும் அவ்வகுப்பின் வாகையை ஒருமுறையேனும் பெறவில்லை என்பதும் வரலாறே. ஏணி உச்சியில் கொண்டு சேர்க்கலாம். முடிசூட்டும் உறுதியை அது தருவதில்லை.

இத்தாலியில் வேறொரு வழி தோன்றிற்று. முழங்கால் உயரமே உள்ள சிற்றுருவ மோட்டார் சைக்கிள்களில் சிறுவர் பழகினர். அவ்வழியில் வந்தவரே வாலண்டினோ ரோசி. அவருடைய தந்தையும் பந்தய வீரர். ரோசியின் முதல் உலகப் பந்தயம் நம் நாட்டில் நடந்தது என்பதைப் பலர் மறந்திருப்பர். 1996-ஆம் ஆண்டு மார்ச் 31-இல் ஷா ஆலாம் பந்தயத் தடத்தில், பதினேழு வயதினரான அவர் 125 சிசி பந்தயத்தில் ஆறாவதாக வந்தார். பின்னர் 1997-இல் 125, 1999-இல் 250, 2001-இல் 500 என ஒவ்வொரு படியிலும் வாகை சூடி ஏறினார். அறைகள் படிகளாக மாறிவிட்டதை அவர் வாழ்வே காட்டுகின்றது. பின்னாளில் அவர் தம் ஊரில் பயிற்சிக்கூடம் அமைத்தார். அங்குப் பயின்ற பிரான்செஸ்கோ பாஞ்ஞாயா 2022, 2023 ஆகிய ஈராண்டுகளில் உச்ச வாகை பெற்றார். மாணாக்கன் ஆசானாகி, ஆசான் ஒரு பரம்பரையைத் தோற்றுவித்தார்.

2007-இல் ரெட் புல் ரூக்கீஸ் கோப்பை தொடங்கிற்று. எல்லோர்க்கும் ஒரே வகை வண்டி. ஒரே வகை டயர். தந்தையின் பணப்பை நீளமா குறுகலா என்பது அங்குச் செல்லாது. ஹெயில்வுட் காலத்துச் செல்வ வாயிலுக்கு இதுவே விடை. 2014-இல் இக்கோப்பையை வென்ற ஹோர்ஹே மார்ட்டின் 2018-இல் மோட்டோ 3 வாகையும், 2024-இல் மோட்டோ ஜிபி வாகையும் பெற்றார். பத்தாண்டுப் படிப்பு! பெட்ரோ அகோஸ்தாவோ 2020-இல் கோப்பையை வென்று, மறு ஆண்டிலேயே மோட்டோ 3 உலக வாகையைப் பெற்றார். 2023-இல் மோட்டோ 2 வாகையும் அவரைச் சேர்ந்தது. ஒரே ஏணியில் ஒருவர் நடந்தார், ஒருவர் ஓடினார்.

இன்றைய ஏணியின் படிகளைச் சுருக்கமாகக் கூறலாம். முதலில் சிற்றுருவ வண்டி. அடுத்து வட்டாரப் போட்டி. அதன்மேல் ரூக்கீஸ் கோப்பையும் இளையோர் உலகப் போட்டியும். அதன்பின் உலக வாகைப் போட்டியின் மூன்று வகுப்புகள். அவற்றுள் மோட்டோ 3 என்பது 250 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டி. 2012-இல் பழைய 125 சிசி வகுப்பின் இடத்தைப் பெற்றது. மோட்டோ 2 என்பது 2010-இல் 250 சிசி வகுப்பின் இடத்துக்கு வந்தது. 2019 முதல் அதில் எல்லோர்க்கும் டிரையம்ப் நிறுவனத்தின் 765 சிசி எஞ்சின். உச்சியில் 2002-இல் 500 சிசிக்கு மாற்றாக வந்த மோட்டோ ஜிபி. அங்கே இருக்கைகள் இருபத்திரண்டே. உலகமெங்கும் அடிப்படியில் நிற்கும் சிறுவர் கூட்டத்தை எண்ணிப் பார்த்தால் இந்த இருபத்திரண்டின் பொருள் விளங்கும்.

நம் மண்ணில்

மலேசியாவும் சிங்கப்பூரும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானவை அல்ல. 1961 முதல் 1973 வரை சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடிய பெரும்பந்தயம் நடந்தது. மலேசியாவில் உலக வாகைப் போட்டி 1991-இல் ஷா ஆலாமில் தொடங்கி, 1998-இல் ஜொகூரில் நடந்து, 1999 முதல் சிப்பாங்கில் நிலைபெற்றது.

ஆயினும் நம் நாட்டின் உண்மையான தொடக்கப்பள்ளி சிப்பாங் அன்று, கப்சாய் வண்டியே. 1958-இல் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியின் வழிவந்தவை இவை. பால்மரக் காட்டுக்கும், செம்பனைத் தோட்டத்துக்கும், சந்தைக்கும், பள்ளிக்கும் நம் மக்களைச் சுமந்த அதே வண்டி. 1994-இல் தொடங்கிய கப் பிரிக்ஸ் போட்டி, இந்த எளிய வண்டியைப் பந்தயத் தடத்தில் ஏற்றி, ஊர் ஊராகச் சென்றது. புதுமுகத்துக்கு ஒரு வகுப்பு, தேர்ந்தவர்க்கு ஒரு வகுப்பு என அது பிரித்து வைத்தது. ஸ்பெயினின் சிறு வண்டி அந்நாட்டுக்குச் செய்ததை நம் நாட்டில் கப்சாய் செய்தது.

அப்பள்ளியின் பயனைக் காண்க. சிலாங்கூர், பந்திங்கைச் சேர்ந்த சுல்பஹ்மி கைருடின் 2012-இல் சிப்பாங்கில் நடந்த மோட்டோ 3 பந்தயத்தில் கடைசி வளைவில் முந்தப்பட்டு, கண்ணிமைக்கும் நேர வேறுபாட்டில் இரண்டாவதாக வந்தார். அதே நாளில் ஹபிஸ் ஷாரின், சிறப்பு அழைப்பில் மோட்டோ 2 பந்தயத்தில் இறங்கி, மழைத்தடத்தில் உலக வீரர்களைத் திகைக்க வைத்து நான்காவதாக வந்தார். 2018-இல் அவரே மோட்டோ ஜிபி வகுப்பில் ஓடிய முதல் மலேசியரானார். இருவரும் கப்சாய்ப் பள்ளியின் மாணாக்கர்.

2014-இல் தொடங்கிய ஆசியத் திறனாளர் கோப்பை வழியாக வந்தவர் பேராக்கின் கைருல் இடாம் பாவி. 2016-இல் அர்ஜென்டினாவின் ஈரத் தடத்தில் மோட்டோ 3 பந்தயத்தை வென்று, உலகப் பந்தயம் ஒன்றில் வெற்றி கண்ட முதல் மலேசியர் என்னும் பெயரைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது பதினேழு. அவ்வாண்டே ஜெர்மனியிலும், மழையிலேயே, மீண்டும் வென்றார். மறு ஆண்டு மோட்டோ 2 வகுப்புக்கு ஏற்றப்பட்டார். அங்கே அவ்வெற்றிகள் தொடரவில்லை. 2019-இல் விரலில் கடுங்காயமும் நேர்ந்தது. ஓராண்டுப் படிப்பின் முடிவில் தந்த வகுப்பேற்றம் மிக விரைவானதோ என்னும் ஐயம் எழாமல் இல்லை. இரண்டு பெரும் வெற்றிகளைப் பார்த்து ஏற்றினர். உலர்ந்த தடத்தில் நின்று நிலைக்கும் பயிற்சி முற்றுப்பெற்றதா என்பது வேறு வினா.

வயதென்னும் வினா

இனி, இவ்வரலாற்றின் துயரப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

ஏணி செம்மையாக அமைந்ததும், அதில் எவ்வளவு விரைவில் ஏறலாம் என்னும் போட்டி பிறந்தது. ஆஸ்திரேலியச் சிறுவன் கேசி ஸ்டோனர், தன் நாட்டுச் சட்டம் பதினாறு வயதுக்கு முன் சாலைப் பந்தயத்தை அனுமதிக்காததால், 2000-இல் பதினான்காம் வயதில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குச் சென்றான். இரண்டு முறை உச்ச வாகை பெற்றான் என்பது மெய். 2012-இல், இருபத்தேழாம் வயதில், போதும் என்று விலகினான் என்பதும் மெய். 2018-இல் துருக்கியச் சிறுவன் ஜான் ஒஞ்சு தன் முதல் உலகப் பந்தயத்திலேயே மோட்டோ 3 வெற்றியைப் பெற்றபோது வயது 15 ஆண்டு 115 நாள். உலகம் கைதட்டிற்று.

மூன்றாண்டு கழித்து அக்கைதட்டல் அடங்கிற்று. 2021-ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியின் முஜெல்லோவில் பத்தொன்பது வயது வீரர் ஒருவர் மாண்டார். ஜூலையில் ஸ்பெயினின் அராகோனில் பதினான்கு வயதுச் சிறுவன். செப்டம்பரில் ஹெரேஸில் பதினைந்து வயதுச் சிறுவன். மூவரும் கீழே விழுந்தபின் பின்னால் வந்த வண்டிகள் மோதியதால் உயிரிழந்தனர். 2011-இல் நம் சிப்பாங்கில் மார்க்கோ சிமோன்செல்லி மாண்டதும் இவ்வாறே.

இதற்குக் காரணம் யாது? நன்மைக்கென வகுத்த விதியே ஒருவகையில் காரணமாயிற்று. எல்லோர்க்கும் ஒத்த வண்டி தந்தால் எவராலும் தனித்து முன்னே செல்ல இயலாது. இருபது, முப்பது சிறுவர் ஒரே கொத்தாக, ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டி விரைவர். நடுவில் ஒருவன் விழுந்தால் பின்வருவோர்க்கு விலக நேரமில்லை. ஏழைக்கும் செல்வனுக்கும் இடையே நீதி செய்த சமத்துவம், நெருக்கடியையும் உடன் கொண்டுவந்தது.

சம்மேளனம் அவ்வாண்டு அக்டோபரிலேயே விதியை மாற்றிற்று. 2023 முதல் உலக வாகைப் போட்டியில் நுழையக் குறைந்த வயது 18. கீழ்ப்படியில் சிறந்து விளங்கியவர்க்கு 17 எனச் சலுகை. கீழ்ப்படிகளின் வயது வரம்பும் உயர்ந்தது. சிறுவர் பந்தயங்களில் ஒருசேர ஓடுவோர் தொகையும் குறைக்கப்பட்டது. ஒஞ்சுவின் சாதனையை இனி எவரும் முறியடிக்க முடியாது. அது நல்லதே. முறியடிக்கக் கூடாத சாதனைகளும் சில உண்டு.

ஆசிரியர்க்கு உரிய பகுதி

இந்நூற்றுச் சொச்ச ஆண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஒன்று தெளிவாகும். பள்ளியில்லாத் தொழில் தனக்கெனப் பள்ளியை அமைத்துக்கொண்டது. செல்வத்தின் கதவை ஓரளவு அடைத்துத் திறமையின் கதவைத் திறந்தது. பின்னர், மாணாக்கனின் விரைவே பள்ளியின் பெருமை என்று எண்ணித் தடுமாறிற்று. மூன்று இளம் உயிர்களைக் கொடுத்தபின் வயதென்னும் வேலியை மீண்டும் உயர்த்திக் கட்டிற்று. கல்வித் துறையில் நாம் அறிந்த பிழைகளும் திருத்தங்களும் இவையே அன்றோ?

நம் ஊர்ச் சாலைகளில் இரவு நேரத்தில் கப்சாய் வண்டியின் மேல் குப்புறப் படுத்துப் பறக்கும் இளைஞரை நாம் அறிவோம். ரெம்பிட் என்று நாடே அவர்களைப் பழிக்கின்றது. பழித்தல் எளிது. அவ்விளைஞனிடம் உள்ள துணிவும், சுல்பஹ்மியிடம் இருந்த துணிவும் வேறு வேறு அல்ல. வேறுபாடு தடத்தில் இருக்கின்றது, உரிமத்தில் இருக்கின்றது, ‘இப்போது ஏறாதே, இன்னும் ஓராண்டு பொறு’ என்று சொல்ல ஓர் ஆசான் இருந்தாரா இல்லையா என்பதில் இருக்கின்றது. பொதுச்சாலையில் எதிரே வரும் லாரிக்குப் பந்தய விதி தெரியாது.

ஆகவே, வண்டிப் பைத்தியம் பிடித்த மாணவன் ஒருவன் வகுப்பில் இருந்தால் அவனை இகழ வேண்டா. கப் பிரிக்ஸ் என்று ஒன்று உண்டு. அதற்குப் பதிவும் உரிமமும் தலைக்கவசமும் தோலாடையும் வேண்டும். படிப்படியாக ஏறினால் அர்ஜென்டினா வரை செல்லலாம் என்று அவனுக்குச் சொல்வோம். உச்சியில் இருபத்திரண்டு இடங்களே உள்ளன என்பதையும் மறைக்காமல் சொல்வோம். ஏணியில் பாதியில் இறங்க நேர்ந்தவனுக்கும் கையில் ஒரு தொழிலும் தலையில் சிறிது கல்வியும் இருக்குமாறு செய்து அனுப்புவது பந்தயத் தடத்தின் வேலை அன்று, நம்முடைய வேலை.